வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு துறை: பரங்கிப்பேட்டை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி – திண்ணைவாசி

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழிப் பாட்டனார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்து, உள்ளே இருந்த பத்திரங்களை அடுக்கிவைத்தேன். அவற்றில் ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள் மாறி மாறி வருகின்றன. ஓர் அடமானப் பத்திரத்தில் "மஹ்மூது பந்தர் என்கிற பரங்கிப்பேட்டை" என்று இருக்கிறது. ஒரு கப்பல் சரக்குச் சீட்டில் "போர்ட்டோநோவோ" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றும் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள இன்றைய பரங்கிப்பேட்டைதான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சிற்றூருக்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன என்பது புரியவில்லை.

சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறேன். வெள்ளாற்றின் கரையில் நின்றால் மறுகரையும் அலையாத்தி மரங்களும் கண்ணுக்குத் தெரியும். ஆறு அகலமாக, அசைவற்றதுபோல் கிடக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலாக்காவுக்கும் போன சரக்குகள் ஏறியிறங்கின என்று பாட்டி சொல்வார். இன்று அது ஒரு பேரூராட்சி. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் கடை விரித்த ஊர், சென்னையாகவோ புதுச்சேரியாகவோ ஆகாமல் போனது ஏன்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – சுவடிப்பெட்டி

பெயர்களிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த ஊரின் வரலாற்றில் பாதி அதன் பெயர்களில்தான் இருக்கிறது. நீங்கள் மூன்று பெயர்களைக் கண்டிருக்கிறீர்கள். நான்காவது ஒன்றும் உண்டு. முத்துக்கிருஷ்ணபுரி என்ற அந்தப் பெயர் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பகுதி செஞ்சி நாயக்கர்களின் ஆட்சியில் இருந்தது. 1597ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற யேசு சபைத் துறவி தென்னாட்டில் பயணம் செய்தபோது, நாயக்கர் கிருஷ்ணப்பரைச் சிதம்பரத்தில் சந்தித்தார். கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியின் திருப்பணியை எதிர்த்துத் தீட்சிதர்கள் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்ற செய்தி அவருடைய கடிதங்களின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. அதே கடிதங்களில், நாயக்கர் வெள்ளாற்றின் கரையில் காட்டைத் திருத்தித் தம் பெயரில் ஒரு புதிய ஊரை எழுப்பி வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கிருஷ்ணப்பட்டினம் என்று அவர் குறிப்பிடும் அந்த ஊரை ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டையாக அடையாளம் காண்கிறார்கள். ஆகவே இதைப் போர்த்துக்கீசியர்கள் "நிறுவினார்கள்" என்று பழைய ஆங்கில நூல்கள் எழுதுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. நாட்டு அரசன் ஒருவன் துறைமுகம் வேண்டும் என்று எண்ணி ஊரை அமைத்தான். போர்த்துக்கீசிய வணிகர்கள் அங்கே வந்து குடியேறினார்கள் என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

வந்தவர்கள் தங்கள் மொழியில் அதற்குப் "புதுத்துறை" என்று பெயரிட்டார்கள். போர்ட்டோநோவோ என்பதன் பொருள் அவ்வளவுதான். நம்மவர்களோ அங்கே குடியிருந்தவர்களைப் பார்த்துப் பெயரிட்டார்கள். ஐரோப்பியரை அரபியரும் பாரசீகரும் அழைத்த ஃபரங்கி என்ற சொல் தமிழில் பரங்கி ஆயிற்று. சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையும் அந்த வழியில் வந்த பெயர்தான். கடல்கடந்து வந்த பரங்கிக்காயையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். பேட்டை என்பது சந்தையோடு கூடிய குடியிருப்பு. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். 1649இல் செஞ்சி பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போனபின் இந்தக் கரையின் அரசு எழுத்துகளில் பாரசீகம் ஏறத் தொடங்கியது. நாயக்கர் பெயர் ஆட்சியோடு போயிற்று. மற்ற மூன்றும் நிலைத்தன, ஏனென்றால் அவற்றைப் பயன்படுத்திய மூன்று கூட்டத்தாரும் ஊரில் தொடர்ந்து இருந்தார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: பழைய நூல்களில் தேடும்போது வெள்ளாறு என்ற பெயரில் இரண்டு ஆறுகள் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். புதுக்கோட்டை வழியாக ஓடுவது தென்வெள்ளாறு. நம் வெள்ளாறு, சேலம் பக்கத்து மலைகளிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடிப் பிறப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு வாரத்தை வீணடித்திருக்கிறேன்.

பதில் – நாணயப்பை

சுவடிப்பெட்டி அவர்களின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். "ஏன் சென்னை ஆகவில்லை" என்ற இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

சோழமண்டலக் கடற்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் யார் யார் எங்கே கோட்டை கட்டினார்கள் என்பதைப் பாருங்கள். டேனியர் 1620இல் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பெற்றார்கள். டச்சுக்காரர்களுக்கு முதலில் பழவேற்காடும், 1658க்குப் பின் நாகப்பட்டினமும் கிடைத்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். பரங்கிப்பேட்டையிலோ இவர்களில் பலருடைய கிடங்குகள் இருந்தன; ஒருவருடைய கோட்டையும் எழவில்லை. அங்கிருந்த போர்த்துக்கீசியர்கள்கூடக் கோவாவின் ஆணைக்கு அடங்கிய படையினர் அல்லர்; தங்கள் பொறுப்பில் வாணிகம் செய்து, இங்கேயே மணம் முடித்து, குடும்பத்தோடு தங்கிவிட்ட தனி மனிதர்கள்.

கோட்டை இல்லாததுதான் அந்த ஊரின் வளர்ச்சிக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு கம்பெனியின் கோட்டைக்குள் உள்ள துறையில் அந்தக் கம்பெனி சொன்னதே விலை. பரங்கிப்பேட்டையில் அப்படி இல்லை. உள்நாட்டு நெசவாளர்களிடமிருந்து வந்த துணியை மரைக்காயர் வாங்கினார், செட்டியார் வாங்கினார், டச்சுக்காரரின் துபாஷும் (மொழிபெயர்ப்புத் தரகரும்) வாங்கினார். யார் கூடுதலாகத் தருகிறாரோ அவருக்கு விற்கலாம். நீலச்சாயத் துணிக்கும் சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணிக்கும் அச்சே, மலாக்கா, கெடா ஆகிய இடங்களில் குறையாத தேவை இருந்தது. இந்தக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்களை அந்த நாடுகளில் சூலியர் என்று அழைத்தார்கள். பினாங்கில் இன்றும் சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. திரும்பும் கப்பலில் பாக்கும், தகரமும், சில வேளைகளில் யானைகளும் வந்தன.

டச்சுக்காரர்களின் காலத்து நாணயம் ஒன்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே "போர்ட்டோநோவோ பகோடா" என்றே பெயர். பகோடா என்பது நம் வராகன்தான். என் நண்பர் ஒருவரிடம் உள்ள ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. தட்டையாக இல்லாமல் சட்டைப் பொத்தானைப்போல் ஒரு புறம் புடைத்திருக்கும். அந்தப் புறத்தில் நின்ற கோலத்தில் பெருமாள். மறுபுறத்தில் எழுத்தோ உருவமோ கிடையாது, கேழ்வரகைத் தூவியதுபோல் பொடிப் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வினின் வழிவந்த கிறித்தவர்களான டச்சுக்காரர்கள் பெருமாளைப் பொன்னில் அடித்து, அதைக்கொண்டு துணி வாங்கினார்கள். நெசவாளர் அந்தக் காசை நம்பினார் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதே கோட்டையின்மை பின்னாளில் குறையாகவும் ஆயிற்று. 1677இல் செஞ்சி சிவாஜியிடம் வீழ்ந்தது. 1698இல் முகலாயர் அதை எடுத்துக்கொண்டார்கள். இருபத்தோரு ஆண்டுகளில் இரண்டு முறை ஆண்டை மாறினால் சுங்கம் யாருக்கு, பாதுகாப்பு யாரிடம் என்று வணிகர் எப்படித் துணிவார்? ஆங்கிலேயர்கள் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் இடம் தேடி மராட்டியரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள். 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். வடக்கே முப்பது கிலோமீட்டர் தொலைவில் மதிலும் பீரங்கியும் உள்ள துறை ஒன்று வந்தபின், பணம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. பரங்கிப்பேட்டை அதனால் ஒரேயடியாகச் சாய்ந்துவிடவில்லை. ஆனால் அதன்பின் அது எவருடைய முதல் துறையாகவும் இருக்கவில்லை.

பதில் – தைக்கால் தெரு

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அந்த ஊரில் பிறந்தவன். இப்போது வெளியூரில் இருக்கிறேன். மேலே எழுதியுள்ள இருவரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆயினும் ஐரோப்பியர் வந்தார், போனார் என்றே ஊரின் கதை நகர்வதைப் படிக்கும்போது எங்களுக்குச் சற்று வருத்தம் ஏற்படுகிறது. கம்பெனிகள் எல்லாம் போனபின்னும் கடலோடியவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். எங்கள் வாப்பாவின் வாப்பா ரங்கூனில் கடை வைத்திருந்தார். வீட்டில் யாரும் போர்ட்டோநோவோ என்று சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மஹ்மூது பந்தர் என்றும், பேச்சில் "பேட்டை" என்றும்தான் வரும்.

ஊர் எத்தகையது என்பதை அறிய அங்குள்ள தர்காக்களைப் பார்க்கலாம். மாலுமியார் தர்கா என்று ஒன்று உண்டு. மாலுமி என்றால் கப்பல் ஓட்டுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பத்துப் பன்னிரண்டு கப்பல்களுக்கு உரிமையாளராக இருந்தார் என்றும், ஒரே நேரத்தில் எல்லாக் கப்பல்களிலும் தலைமை மாலுமியாகக் காட்சியளித்தார் என்றும் சொல்வார்கள். பயணம் புறப்படுமுன்னும் நலமாகத் திரும்பிய பின்னும் கப்பலோட்டிகள் அந்தத் தர்காவில் உள்ள சிறு பெட்டியில் காணிக்கை போடுவார்கள். அந்தக் காசில்தான் விளக்கேற்றுவதும் வெள்ளையடிப்பதும் நடந்தன. நூறாண்டுக்கு முந்தைய தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரிலும் இந்தச் செய்தி இருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அற்புதம் அன்று, அதற்குள் இருக்கும் தொழில் கவலை. பத்துக் கப்பலைப் பத்துத் திசைக்கு அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு, எல்லாவற்றிலும் தானே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றாமல் இருந்திருக்குமா?

இன்னொருவர் அரைக்காசு நாச்சியார். இவருக்கு மிகச் சிறிய காசுக்கு மேல் எதையும் காணிக்கையாகக் கொடுக்கக் கூடாது. கூடுதலாகக் கொடுத்தால் வேண்டுதல் பலிக்காது. செல்வர் ஒருவர் பெருந்தொகையை வைத்துவிட்டுப் பயனின்றிப் போய், பிறகு அதை எடுத்துவிட்டு அரைக்காசை வைத்ததும் காரியம் முடிந்தது என்பதுபோன்ற கதைகள் பல உண்டு. அந்தச் சிறு காசுக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு வாங்கி அடக்கத்தலத்தில் பூசிவிடுவார்கள். அதனால் அதன்மேல் சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறிக் கனத்துப்போயிருந்ததையும் அந்த கெசட்டியர் குறித்திருக்கிறது. பணம் புரண்ட ஊரில், பணக்காரருக்கு இடம் கொடுக்காத ஒரு நாச்சியாரையும் ஊர்மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

திண்ணைவாசி அவர்களே, உங்களிடமுள்ள பத்திரம் எந்தத் தெருவைக் குறிக்கிறது என்று சொன்னால், அந்தப் பகுதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

திண்ணைவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பத்திரத்தில் தெருப்பெயர் கறைபட்டு அழிந்திருக்கிறது. "ஆற்றுக்கு வடக்கு" என்ற எல்லை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கூடவே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஹைதர் அலி அங்கே நடத்திய போரில்தான் துறைமுகம் அழிந்தது என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். அடுத்து, இங்கிலாந்திலுள்ள மெனாய் தொங்கு பாலம் பரங்கிப்பேட்டை இரும்பால் கட்டப்பட்டது என்று ஒரு செய்தி பலரால் பகிரப்பட்டு என் கைப்பேசிக்கும் வந்தது. இவை உண்மைதானா?

பதில் – உலைத்துருத்தி

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் செய்தியைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்த மெனாய் தொங்கு பாலம் 1826இல் திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியது 1830இல். பிறக்காத பிள்ளையைக் கொண்டு தாத்தா கல்யாணத்துக்குப் பந்தல் போட முடியாது. அதே நீரிணையின்மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டிய பிரிட்டானியா குழாய்ப் பாலம் 1850இல் திறக்கப்பட்டது. அதில் இந்த இரும்பு சேர்ந்தது என்று பழைய நூல்கள் கூறுகின்றன, காலமும் பொருந்துகிறது. இரண்டு பாலங்களும் அருகருகே இருப்பதால் யாரோ ஒருவர் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார், அதுவே பரவிக்கொண்டிருக்கிறது. மேலும் அவை இருப்பது வேல்ஸ் நாட்டில்.

ஆலையின் கதை இந்தப் புரளியைவிடச் சுவையானது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை அரசின் சிவில் பணியில் இருந்தவர். சேலம் மாவட்டத்தில் பணியாற்றியபோது, நம் ஊர்க் கருமார் களிமண் உலையில் இரும்பு உருக்குவதையும், மூசை என்ற மூடிய மண்கலத்துக்குள் எஃகு ஆக்குவதையும் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். வேலையை விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தனியுரிமையும் கடனும் பெற்று, ஐரோப்பிய முறையிலான ஊதுலையைப் பரங்கிப்பேட்டையில் அமைத்தார். பின்னர் மலபார்க் கரையில் பேப்பூரிலும், திருவண்ணாமலையிலும் கிளைகள் எழுந்தன.

இப்போது ஆற்றைக் கவனியுங்கள். தாது சேலத்தில், உலை கடற்கரையில்; இடையே நூறு மைலுக்கும் மேல். மாட்டுவண்டியில் அவ்வளவு தாதை ஏற்றி வந்தால் கட்டுபடியாகாது. ஆகவே காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் ஓடும் மாதங்களில் பரிசல்களில் தாதைக் கீழே இறக்கினார்கள். உருக்கிய பாளத்தைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலாளர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். தோல் மூடிய மூங்கில் பரிசலில் தொடங்கி ஷெஃபீல்டின் மூசையில் முடிகிற ஒரு பயணத்துக்கு நடுவழியில் இருந்தது என்பதுதான் பரங்கிப்பேட்டையின் இடம்.

தாதைக் கொண்டுவர ஆறு உதவியது, எரிபொருளுக்கு உதவவில்லை. நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. ஒவ்வோர் ஆண்டும் காடு பின்வாங்க, கரி வரும் தூரம் நீண்டுகொண்டே போயிற்று. கரியின் விலையும் கூடவே ஏறியது. இங்கிலாந்தில் நிலக்கரியால் உருக்கிய இரும்பு மலிந்துகொண்டிருந்தபோது, இங்கே கணக்குப் புத்தகத்தில் நட்டம் எழுதப்பட்டது. 1853இல் வேறொரு புதிய கம்பெனி பொறுப்பேற்றும் பயனில்லை; 1870களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹீத்தின் தலையெழுத்தும் அப்படித்தான். எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் அவர் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் எஃகுத்தொழிலுக்கு அதனால் பெரும் செல்வம் சேர்ந்தது. ஆனால் அவருடைய முகவராக இருந்தவரே செய்முறையைச் சிறிது மாற்றிக்கொண்டு உரிமைத்தொகை தராமல் விட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. முடிவு தெரியுமுன் ஹீத் இறந்துவிட்டார். தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது.

உங்கள் மாமா சொல்லும் போரைப் பற்றிச் சுருக்கமாக: 1780இல் ஹைதரின் மகன் கரீம் சாகிப் ஊரைக் கொள்ளையடித்தார் என்பது உண்மை. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், ஹைதரின் காவற்படை தங்கியிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்ற சர் அயர் கூட், பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கி வந்தார். அங்கே வந்ததற்குக் காரணம் கடல். அவருடைய படைக்கான அரிசி கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 1781 ஜூலை 1ஆம் தேதி கடலூரை நோக்கி அவர் புறப்பட்டபோது ஹைதர் வழிமறித்தார். கூட்டிடம் ஏறத்தாழ 8,000 பேர். ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. கூட் நேர்வழியை விட்டுக் கடலோர மணல்மேடுகளுக்குள் புகுந்து, ஹைதரின் பக்கவாட்டில் வெளிப்பட்டார். கரையோரமாக நின்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்தும் குண்டுகள் வந்தன. ஹைதர் பின்வாங்கினார். ஆனால் போர் நடந்தது ஊருக்கு வடக்கே, மணற்காட்டில். துறையில் கல் ஒன்றும் பெயரவில்லை. போரில் அழிந்த துறைமுகத்தில் ஐம்பது ஆண்டு கழித்து ஏற்றுமதிக்கென்றே ஓர் ஆலையை யாராவது தொடங்குவார்களா? மாமாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் – சுவடிப்பெட்டி

அப்படியானால் துறை ஏன் ஓய்ந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. நாணயப்பை அவர்கள் கோட்டையைக் காரணமாகச் சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகான காரணத்தை ஆற்றின் வாயில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கரையில் இயற்கையான ஆழ்துறை கிடையாது. பெரிய கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிடும்; சரக்கு சலங்கு என்ற சிறு படகிலும் தோணியிலும் கரைக்குப் போய்வரும். சென்னையில் அந்தப் படகுகள் அலையை உடைத்துக்கொண்டு திறந்த கரையில் மோதி நிற்க வேண்டும். துணிமூட்டை நனையும், சில நாட்களில் ஆளும் போவார். பரங்கிப்பேட்டையிலோ முகத்துவாரத்தைக் கடந்துவிட்டால் அமைதியான ஆறு. சிறிய கடலோடிகள் தாமே உள்ளே வந்து, வடகிழக்குப் பருவக்காற்றின் புயலிலிருந்து ஒதுங்கி நிற்கலாம், பழுதுபார்க்கலாம். ஆழம் குறைவு என்பது அப்போது குறையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் கப்பலும் சிறியது.

முகத்துவாரத்தின் குறுக்கே மணல்திட்டு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வரும்போது அது வாயை அரித்துத் திறந்துவிடும். கோடையில் நீர் வற்றியதும் கரையோரமாக வடக்கே நகரும் கடல்மணல் மீண்டும் அதை மூடப் பார்க்கும். இந்தப் பக்கத்தில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. எனவே ஏற்றத்தை நம்பிப் பாரமான படகை உள்ளே கொண்டுவரவும் வழி குறைவு. வெள்ளத்துக்கும் மணலுக்கும் இடையிலான இந்த இழுபறியில் வெள்ளம் வலுவாக இருந்தவரை துறை திறந்திருந்தது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு போன்றவற்றால் மேலே வயலுக்குத் தண்ணீர் பிரிந்துபோகப் போக, மணலின் கை ஓங்கியது. அதே காலத்தில் கப்பலும் பெரிதாயிற்று. நீராவிக் கப்பலுக்குச் சிறு துறைகளில் காத்துக்கிடக்க நேரமில்லை. 1870களின் இறுதியில் தென்னிந்திய இரயில்பாதை இந்தப் பக்கம் வந்ததும், உள்ளூர்ச் சரக்கே சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் தரைவழியாகப் போகத் தொடங்கியது. இதற்கு முன்பே, 1825இல் டச்சுக்காரர்கள் தங்கள் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆங்கிலேயருக்கோ வேறு துறைகள் இருந்தன. இந்த முகத்துவாரத்தைத் தூர்வாரிக் காக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமல் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், கப்பலுக்கு ஆகாத அந்த ஆழமற்ற உவர்நீர்தான் பிற்காலத்தில் ஊருக்கு வேறொரு பெயரைத் தேடித்தந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் வெள்ளாற்றின் கரையிலேயே அமைந்தது; பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா அதற்கு அடித்தளமிட்டவர். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில் உப்பு ஏறி இறங்குவதையும், இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதையும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். உலகின் எந்த மூலையிலுள்ள கழிமுக ஆய்வாளரிடமும் வெள்ளாறு என்று சொல்லிப்பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆற்றுக்கு வடக்கு" என்ற எல்லையைப் பற்றி ஒரு சொல். ஊரே ஆற்றின் வடகரையில்தான் இருக்கிறது. ஆகவே அது மட்டும் மனையைக் காட்டிக்கொடுக்காது. பத்திரத்தில் மற்ற மூன்று திசைகளுக்கு என்ன எல்லை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

திண்ணைவாசி

பூதக்கண்ணாடியை வைத்து மறுபடியும் பார்த்தேன், ஐயா. கிழக்கே "அலவாக்கரை வழி" என்று படிக்க முடிகிறது. அல்லது அது "அளவர்கரை"யாக இருக்கலாம், நடு எழுத்தின்மேல் முத்திரை விழுந்திருக்கிறது. மேற்கே "காதர் மரைக்காயர் கிட்டங்கிச் சுவர்" என்று தெளிவாக இருக்கிறது. வடக்கு எல்லை கறையில் போய்விட்டது.

தைக்கால் தெரு

அது அளவர்கரையாகத்தான் இருக்க வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை அளவர் என்பார்கள். கிட்டங்கிச் சுவர் என்று எழுதியிருப்பதால் உங்கள் மனை ஆற்றை ஒட்டிய சரக்குக் கிடங்குகளின் வரிசையில் இருந்திருக்கிறது. அடுத்த மாதம் பெருநாளைக்கு ஊருக்குப் போகிறேன். எங்கள் பெரியவாப்பாவுக்கு வயது எண்பத்தாறு. ஆற்றங்கரையில் எந்தக் கிட்டங்கி யாருடையது என்பதை வரிசையாகச் சொல்வார். எல்லை எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்குத் தனிமடலில் அனுப்பிவையுங்கள்; மற்றப் பக்கங்கள் வேண்டாம். அவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.